எல்லாவற்றையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாமா?

 

ஒரு கற்பனை ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் 100 வீடுகள். ஊருக்குப் புதிதாக ஒரு குடிதண்ணீர்க் குழாய் வரப்போகிறது. அதை எங்கே போடுவது? கிராம சபை கூடுகிறது. கோயில் திடலில் போடலாம் என்கிறார்கள் சிலர். பள்ளிக்கூடத்துப் பக்கம் போடலாம் என்கிறார்கள் சிலர். பேசிப் பேசியும் முடிவு வரவில்லை. தலைவர் எழுந்து, "சரி, கை தூக்குங்கள்" என்கிறார். பள்ளிக்கூடத்துப் பக்கம் என்று 60 வீட்டுக்காரர்கள் கை தூக்கினார்கள். கோயில் திடல் என்று 40 வீட்டுக்காரர்கள்.

பள்ளிக்கூடத்துப் பக்கமே குழாய் வந்தது. தோற்றவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். அவ்வளவுதான். தண்ணீர் எல்லோருக்கும் கிடைத்தது.

அடுத்த வருடம் அதே ஊரில் இன்னொரு கேள்வி வந்தது. ஊர்க் கடைசியில் 10 வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்கள் இந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாமா, கூடாதா? மறுபடியும் கை தூக்கச் சொன்னார்கள். கூடாது என்று 90 வீட்டுக்காரர்கள் கை தூக்கினார்கள். பிடிக்கலாம் என்று அந்த 10 வீட்டுக்காரர்கள் மட்டும் தூக்கினார்கள்.

இரண்டு முறையும் கையைத்தான் எண்ணினார்கள். இரண்டு முறையும் அதிகக் கைகள்தான் ஜெயித்தன. ஆனால் இரண்டும் ஒன்றா? உங்கள் மனம் என்ன சொல்கிறது?

முதல் கேள்வி எல்லோருக்கும் பொதுவானது. இரண்டாவது கேள்வி ஒரு சிலருடைய உரிமையைப் பற்றியது. எண்ணிக்கையில் குறைந்தவர்களைச் சிறுபான்மையினர் என்கிறோம். சாதி, மதம், மொழி, பிறந்த நாடு, இப்படி எதிலும் சிறுபான்மை உண்டு. அவர்களுடைய உரிமையை ஓட்டுக்கு விட்டால் என்ன ஆகும்? இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. உண்மையாகவே நடந்திருக்கிறது. வெளிநாட்டிலும் நடந்தது. நம் நாட்டிலும் நடந்தது.

அடிக்கடி ஓட்டுப் போடும் நாடு

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறது. மலைகள் நிறைந்த சின்ன நாடு. பரப்பளவில் கேரளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்குள் 26 மாநிலங்கள், நான்கு மொழிகள்.

நாம் ஓட்டுப் போட்டு எம்.எல்.ஏ., எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறோம். சட்டம் போடுவது அவர்கள் வேலை. சுவிட்சர்லாந்தில் இதோடு முடிவதில்லை. சட்டங்களின் மேலேயே மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். பாராளுமன்றம் போட்ட சட்டம் பிடிக்கவில்லையா? 100 நாளைக்குள் 50,000 பேர் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தச் சட்டம் மக்கள் ஓட்டுக்கு வந்துவிடும். அரசியல் சட்டத்தையே மாற்ற வேண்டுமா? 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் பேர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு நாடு முழுவதும் ஓட்டு நடக்கும்.

இதில் நல்லது நிறைய உண்டு. மக்களுக்குத் தெரியாமல் ஒரு சட்டத்தை நுழைத்துவிட முடியாது. வரி, சாலை, ரயில் எல்லாவற்றைப் பற்றியும் சாதாரண மக்கள் படிக்கிறார்கள், விவாதிக்கிறார்கள். நாடு என்னுடையது என்ற எண்ணம் அவர்களுக்கு வருகிறது. நம் ஊர்க் கிராம சபையும் அந்த எண்ணத்துக்காகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே ஓட்டு சில சமயம் சிலரைக் காயப்படுத்தியது.

எம்மென் ஊரில் நடந்தது

சுவிட்சர்லாந்தில் லுசெர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் எம்மென் என்று ஓர் ஊர். தொழிற்சாலைகள் உள்ள ஊர். வேலை தேடி வெளிநாட்டவர் பலர் அங்கே வந்து குடியேறினார்கள்.

அந்த நாட்டில் பிறந்தாலே அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட முடியாது. பெற்றோர் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையும் வெளிநாட்டவர்தான். பல வருடம் வாழ்ந்து, மொழி கற்று, வரி கட்டி, பிறகு குடியுரிமை கேட்டு மனுப்போட வேண்டும். அந்த மனுவை முதலில் அவர் வாழும் ஊர் ஏற்க வேண்டும்.

எம்மென் ஊரில் இந்த மனுக்களையும் ஓட்டுக்கு விட்டார்கள். மனுப்போட்டவர்களைப் பற்றிய விவரங்களை அச்சடித்து வீடு வீடாக அனுப்பினார்கள். ஊர் மக்கள் ஒவ்வொரு மனுவுக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுதிப் பெட்டியில் போட்டார்கள்.

2000-ம் ஆண்டு மார்ச் மாதம் 23 மனுக்கள் ஓட்டுக்கு வந்தன. மொத்தம் 56 பேர். நான்கு மனுக்களுக்குத்தான் ஆம் கிடைத்தது. அதில் இருந்தவர்கள் 8 பேர். அவர்கள் இத்தாலிய வம்சத்தவர். மீதி 48 பேருக்கும் இல்லை. மறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய யூகோஸ்லாவியா நாட்டிலிருந்து வந்த குடும்பத்தினர்.

நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், கூட வேலை பார்ப்பவர், எல்லோரும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அதே தெருவில் நடந்து வேலைக்குப் போக வேண்டும். யார் இல்லை என்று போட்டார்? தெரியாது. ஏன் போட்டார்? அதுவும் தெரியாது. என்ன தப்புச் செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

மறுக்கப்பட்டவர்களில் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2003-ம் ஆண்டு ஜூலை மாதம் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இப்படி ஓட்டுப் பெட்டி வைத்துக் குடியுரிமையை முடிவு செய்வது செல்லாது என்றது.

ஏன் செல்லாது? ஒருவருடைய மனுவை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால்தான் அது சரியா தப்பா என்று பார்க்க முடியும். ரகசிய ஓட்டுக்குக் காரணம் கிடையாது. பிறந்த நாட்டைப் பார்த்து மறுத்தார்களா, பெயரைப் பார்த்து மறுத்தார்களா என்று யாராலும் கேட்க முடியாது. அரசியல் சட்டமோ, ஆளைப் பார்த்துப் பாகுபாடு செய்யாதே என்கிறது.

இந்தத் தீர்ப்பு சிலருக்குப் பிடிக்கவில்லை. மக்களைவிட நீதிபதி பெரியவரா என்று கேட்டார்கள். கையெழுத்துச் சேகரித்தார்கள். பழைய வழக்கம் மறுபடி வர வேண்டும் என்று 2008-ம் ஆண்டு ஜூன் மாதம் நாடு முழுவதும் ஓட்டு நடந்தது. மக்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 100-க்கு 64 பேர் வேண்டாம் என்றார்கள்.

இது மிகவும் முக்கியம். மக்களே ஓட்டுப் போட்டு, இது ஓட்டுப் பெட்டியில் தீர்க்கும் விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு மனுவை மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும்.

நான்கு மினார்கள்

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை.

பள்ளிவாசல்களில் உயரமான கோபுரம் இருக்கும். அதை மினார் என்பார்கள். 2009-ம் ஆண்டு சுவிட்சர்லாந்து முழுவதிலும் மினார் உள்ள பள்ளிவாசல்கள் நான்கே நான்குதான். 2000-ம் ஆண்டுக் கணக்குப்படி அந்த நாட்டில் முஸ்லிம்கள் 100-க்கு நான்கு பேர். அவர்களில் பலர் வெளிநாட்டவர். அவர்களுக்கு ஓட்டு இல்லை.

இனிமேல் மினார் கட்டவே கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுத வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள். அரசாங்கம் மக்களிடம், இதை ஏற்காதீர்கள் என்றது. பாராளுமன்றமும் அதையே சொன்னது. 2009-ம் ஆண்டு நவம்பர் 29-ம் தேதி ஓட்டு நடந்தது. 100-க்கு 57 பேருக்கு மேல் தடை வேண்டும் என்று போட்டார்கள். 26 மாநிலங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே நின்றன. பழைய நான்கு மினார்கள் நின்றன. புதிதாக ஒன்றும் கட்ட முடியாது.

சர்ச்சுக்கு மணிக்கூண்டு கட்டலாம். பள்ளிவாசலுக்கு மினார் கட்டக் கூடாது. ஒரு மதத்தாருக்கு மட்டும் தனி விதி.

எம்மென் ஊர்க்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், ஜெயித்தார்கள். இங்கே ஏன் அப்படி முடியவில்லை? நீதிமன்றம் அரசியல் சட்டத்தைப் பார்த்துத்தான் நீதி சொல்லும். அந்த அரசியல் சட்டத்திலேயே தடையை எழுதிவிட்டார்கள். அளக்கும் படியையே மாற்றிவிட்டால் அளவு எப்படிச் சரியாக இருக்கும்?

இதற்காக அந்த நாட்டு மக்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அதே மக்கள்தான் 1994-ம் ஆண்டு, இன வெறுப்பைத் தூண்டுவது குற்றம் என்ற சட்டத்தை ஓட்டுப் போட்டு ஏற்றார்கள். மூன்றாவது தலைமுறை வெளிநாட்டவர் எளிதாகக் குடியுரிமை பெற 2017-ம் ஆண்டு 100-க்கு 60 பேர் ஆம் என்றார்கள். ஓட்டு சில சமயம் கை கொடுக்கிறது. சில சமயம் கையைத் தட்டிவிடுகிறது. இன்று எப்படியோ, நாளை எப்படியோ என்ற நிலையில் ஒருவருடைய உரிமை தொங்கலாமா? அதுதான் கேள்வி.

கை இல்லாதவர்கள்

ஓட்டு நடக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கை தூக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கலாமா என்று 1959-ம் ஆண்டு ஓட்டு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் யார்? ஆண்கள் மட்டும். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். 1971-ம் ஆண்டுதான் அவர்கள் சம்மதித்தார்கள். நம் நாட்டுப் பெண்கள் 1951-52 முதல் பொதுத் தேர்தலிலேயே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். எவ்வளவு முந்திக்கொண்டோம் பாருங்கள்.

அப்போதும் அப்பன்செல் என்ற மலைப் பகுதி ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே வருடம் ஒரு முறை ஊர்த் திடலில் கூடிக் கை தூக்கித் தங்கள் மாநில விஷயங்களை முடிவு செய்வார்கள். ஆண்கள் இடுப்பில் வாள் கட்டி வருவார்கள். அந்த வாள்தான் ஓட்டுரிமைக்கு அடையாளம். 1990-ம் ஆண்டு ஏப்ரலில்கூடப் பெண்களைச் சேர்க்க முடியாது என்று அந்த ஆண்கள் கை தூக்கினார்கள். அதே வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. ஆணும் பெண்ணும் சமம் என்று நாட்டின் அரசியல் சட்டம் சொல்கிறது, ஆகவே பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்றது. 1991-ல் அந்தத் திடலில் பெண்களும் கை தூக்கினார்கள்.

பெண்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் இல்லை. ஊரில் பாதிப் பேர். ஆனாலும் கை தூக்கும் உரிமை இல்லாததால், ஆண்கள் தரும் வரை காத்துக் கிடந்தார்கள்.

மகத் ஊர்க் குளம்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

மகாராஷ்டிரத்தில் மகத் என்று ஓர் ஊர். அங்கே சவ்தார் குளம் என்று ஒரு குளம். தாழ்த்தப்பட்ட மக்கள் அதில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்கள். 1924-ல் மகத் நகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. குளம் எல்லோருக்கும் பொது என்றது. ஆனால் தீர்மானம் காகிதத்தில்தான் இருந்தது. பயத்தில் யாரும் குளத்துப் பக்கம் போகவில்லை.

1927-ம் ஆண்டு மார்ச் 20-ம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போனார். குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். மக்களும் குடித்தார்கள். அதற்காக அவர்கள் அடிபட்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? அதே வருடம் ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தை ரத்து செய்துவிட்டது. ஓட்டில் வந்த உரிமை ஓட்டில் போய்விட்டது. வழக்கு நடந்து, 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நியாயம் கிடைத்தது.

அந்த அம்பேத்கர்தான் பின்னால் இந்திய அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் ஆனார். 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ம் தேதி அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் 15-வது பிரிவைப் பாருங்கள். சாதி, மதம், ஆண் பெண், பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 25-வது பிரிவு அவரவர் மதத்தைப் பின்பற்றும் உரிமை தருகிறது. 29, 30-வது பிரிவுகள் சிறுபான்மையினரின் மொழியையும், பண்பாட்டையும், பள்ளிகளையும் காக்கின்றன. இவை அடிப்படை உரிமைகள். பறிபோனால் உச்ச நீதிமன்றத்துக்கே நேராகப் போகலாம் என்கிறது 32-வது பிரிவு.

ஊராட்சித் தீர்மானம் போட்டு இந்த உரிமைகளைப் பறிக்க முடியாது. சட்டசபைச் சட்டம் போட்டும் பறிக்க முடியாது. பாராளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படை அமைப்பை அழிக்க முடியாது என்று 1973-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படியால் நெல்லை அளக்கலாம். படியை உடைக்கக் கூடாது.

மூன்று பிள்ளைகள்

கேரளத்தில் ஒரு பள்ளியில் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் மிகச் சிறிய ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் தங்கள் மத நம்பிக்கைப்படி வாய் திறந்து பாட மாட்டார்கள். 1985-ல் அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள்.

இதை ஓட்டுக்கு விட்டிருந்தால் அந்த மூன்று பிள்ளைகள் பக்கம் எத்தனை கைகள் உயர்ந்திருக்கும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986-ல் தீர்ப்பு வந்தது. எழுந்து நின்றதே மரியாதைதான், பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள் நீதிபதிகள். அங்கே யாரும் கையை எண்ணவில்லை. உரிமையை மட்டும் பார்த்தார்கள்.

நியமகிரி மலை

அப்படியானால் நேரடி ஓட்டே கூடாதா? அப்படி இல்லை.

ஒடிசாவில் நியமகிரி என்று ஒரு மலை. டோங்கிரியா கோந்த் என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த மலையையே தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அந்த மலையில் பாக்சைட் தாது இருக்கிறது. அலுமினியம் செய்ய அது வேண்டும். சுரங்கம் தோண்டத் திட்டம் வந்தது.

2013-ம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது என்றது. 12 கிராமங்களில் சபை கூடியது. ஒரு நீதிபதி முன்னிலையில் மக்கள் எழுந்து தங்கள் மொழியில் பேசினார்கள். 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அடுத்த ஆண்டு மத்திய அரசு அந்தத் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது.

இதுவும் நேரடி ஓட்டுத்தான். எம்மென் ஊரில் நடந்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே ஒருவருடைய வாழ்க்கையை மற்றவர்கள் முடிவு செய்தார்கள். இங்கே யாருடைய மலையோ, யாருடைய சாமியோ, அவர்களையே கேட்டார்கள். மலையைப் பார்த்தே இராதவர்களிடம் ஓட்டுக் கேட்டிருந்தால் முடிவு என்னவாக இருந்திருக்கும்?

மூன்று கேள்விகள்

ஆகவே நண்பர்களே, உங்கள் கிராம சபையிலோ, சங்கத்திலோ, மகளிர் குழுவிலோ கை தூக்கச் சொன்னால் மூன்று கேள்விகளை மனதில் வையுங்கள்.

ஒன்று: இது எல்லோருக்கும் பொதுவான காரியமா? அல்லது ஒரு சிலருடைய உரிமையா?

இரண்டு: யாரைப் பற்றி முடிவு செய்கிறோமோ, அவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களா? பயமில்லாமல் பேச அவர்களுக்கு இடம் கொடுத்தோமா?

மூன்று: முடிவுக்குக் காரணம் சொல்ல நம்மால் முடியுமா? அநியாயம் என்று தோன்றினால் தோற்றவர்கள் போய் முறையிட ஓர் இடம் உண்டா?

இது யாரோ சிலருக்காக மட்டும் சொல்லும் பேச்சு இல்லை. சொந்த ஊரில் 90 வீட்டில் ஒரு வீடாக இருப்பவர், பிழைப்புக்கு வேறு மாநிலம் போனால் 10 வீட்டில் ஒரு வீடாக ஆகிவிடுவார். அங்கே அவர் பேசும் மொழி வேறு. கும்பிடும் சாமி வேறு. அன்றைக்கு அவரைக் காப்பாற்றப்போவது எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கைக்கு அடங்காத உரிமைதான்.

முதலில் பார்த்த கற்பனை ஊருக்கு மறுபடி போவோம். குழாயைச் சுற்றி ஊர் கூடியிருக்கிறது. கடைசி 10 வீட்டுப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். தலைவர் கை தூக்கச் சொல்கிறார். அந்த 90 வீடுகளில் ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மா எழுந்திருக்கிறார். "தலைவரே, குழாயை எங்கே போடுவது என்று கேளுங்கள், கை தூக்குகிறோம். யார் தண்ணீர் குடிப்பது என்று கேட்காதீர்கள். அதற்கு 1950-லேயே பதில் எழுதிவிட்டார்கள்" என்கிறார்.

அப்படி எழுந்து பேச ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் வேண்டும். அதற்குப் படிப்பும் வேண்டும், துணிவும் வேண்டும். படிப்பு உங்களுக்கு வந்துவிட்டது.